நாலு வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி

மண்ணூர்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் இராமகிருஷ்ணனிடம் வேலை கேட்டுப் போன அன்றைக்கே சிம்ரன் தோற்றுப்போனாள். அதுவும் ஆறு டிரைவர்கள் நின்று வேடிக்கை பார்க்கத் தோற்றாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. லைசென்ஸ் இருந்தது, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இருந்தது. ஆவடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை வருஷம் வேன் ஓட்டியிருந்தாள். பள்ளிக்கூடம் வேனை விற்றுவிட்டதால் வேலை போயிற்றே தவிர, அவள் ஓட்டியதில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இராமகிருஷ்ணன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அவருடைய கார்கள் ஆவடி, பருத்திப்பட்டு, அம்பத்தூர் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போய்வருபவை. ஏறுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஓட்டுகிறவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

"எல்லாம் கரீட்டாதாம்மா கீது. ஆனா வழில பஞ்சர் ஆச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"ஸ்டெப்னி மாட்டுவேன் சார்."

டிக்கியில் படுத்திருக்கும் அந்த ஐந்தாவது சக்கரத்துக்கு ஊரில் அதுதான் பெயர். அந்த வார்த்தைக்கு வைப்பாட்டி என்று அசிங்கமான அர்த்தமும் உண்டு என்பதால் வாசலில் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிம்ரன் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாட்டிக் காட்டு பாக்கலாம்," என்றார் இராமகிருஷ்ணன்.

சீனியர் டிரைவர் வினோத் ஷெட்டிலிருந்து ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பானரை அவள் கையில் கொடுத்தான். சிம்ரன் நட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்பானர்மேலேயே ஏறி நின்றாள். அவளுடைய நாற்பத்தெட்டு கிலோவையும் அந்த நட்டு தாங்கிக்கொண்டது. கடைசியில் ஸ்பானர் நழுவி, முழங்கை காரில் இடித்து, தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"கஷ்டம்மா," என்றார் இராமகிருஷ்ணன். குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. "வண்டில நாலு லேடீஸை வச்சிகினு நீ ரோட்டுல இப்டி நின்னா, நாளைக்கு எனுக்கு காண்ட்ராக்டு இருக்காது."

"நான் கத்துகினு வர்றேன் சார்."

"வா, வா," என்றார், பிச்சைக்காரரை அனுப்பிவைக்கிற தொனியில்.

அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அவள் அந்த லாரியைப் பார்த்தாள். டிரைவர் ஒருவர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் பயில்வான் இல்லை, ஒடிசலான ஆள். ஸ்பானரின் பிடியில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி, குழாயின் நுனியைப் பிடித்து ஒரே அழுத்து. நட்டு கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. சிம்ரன் வந்த பஸ்ஸை விட்டுவிட்டாள். எதிர்ச்சாரியில் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போய், இரண்டரை அடிக் குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அவளுடைய அம்மா கெங்கம்மாள் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் பெருக்குகிற வேலை பார்க்கிறவள். மகள் குழாயோடு வந்து நிற்பதைப் பார்த்து, "யார அடிக்கப் போறடி?" என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளே ஒரு வழி சொன்னாள்.

"பழகணும்னா வண்டி வோணும். நம்மகிட்ட ஏது வண்டி? காலைல ஏரிக்கு நடக்க வர்றவங்க வண்டி வரிசயா நிக்குது. கேட்டுப் பாரு. இன்னா, இல்லன்னுவாங்க. அவ்ளோதான?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு சிம்ரன் ஏரி வாசலில் போய் நின்றாள். "சார், உங்க வண்டில ஒரு டயர கழட்டிட்டு ஸ்டெப்னி மாட்டி, மறுபடி பழையபடி மாட்டித் தந்துடட்டுமா? பழகிக்கிறேன் சார், ஸ்டெப்னில காத்து கீதான்னும் பாத்துச் சொல்றேன்" என்று கார்க்காரர்களைக் கேட்டாள். முதல் ஆள் பதில் சொல்லாமல் கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் எவ்வளவு கேட்பாள் என்று பேரம் பேசினார். ஒன்றும் வேண்டாம் என்றதும் இன்னும் பயந்துபோனார். நான்காவது நாள்தான் ஒருவர் சரி என்றார், அதுவும் கெங்கம்மாளின் மகள் என்று தெரிந்த பிறகு.

முதல் தடவை நாற்பது நிமிஷம் ஆயிற்று. வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு நட்டைத் தளர்த்தினால் சக்கரம் சும்மா சுற்றும், தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும் என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டாள். சக்கரத்தைக் கையால் தூக்க முயன்று விரலை நசுக்கிக்கொண்ட பிறகு, பாதத்தை அடியில் கொடுத்து நெம்பினால் தானாக உட்காரும் என்று புரிந்தது. இரண்டாவது வாரம் இருபது நிமிஷம். நான்காவது வாரம் பதினொன்று. நடக்கிறவர்கள் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஏரிக்கு வருகிற பாதிப் பேருடைய ஸ்டெப்னியில் காற்றே இல்லை என்கிற சங்கதியும் அவளால்தான் ஊருக்குத் தெரிந்தது.

எத்திராஜ் அவளைத் தேடி வந்தது ஐந்தாவது வாரம். பருத்திப்பட்டில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது அரிசி மண்டி வைத்திருக்கிறார். மூன்று மாதம் முன்பு வாங்கிய வெள்ளைக் காரை அவளிடம் காட்டி, "என் வண்டிலயும் காத்து கீதான்னு பாத்துடும்மா," என்றார்.

சிம்ரன் டிக்கியைத் திறந்து, அடிப்பலகையைத் தூக்கினாள். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெர்மோகோல் தட்டு. தட்டில் வெள்ளைத் திரவம் அடைத்த ஒரு பாட்டில், கைக்கடக்கமான ஒரு சின்ன பம்பு. ஜாக்கியும் இல்லை, ஸ்பானரும் இல்லை.

"இதுல ஸ்டெப்னி இல்ல சார்."

"இல்லன்னா? எவனாச்சும் தூக்கினு பூட்டானா?"

"வாங்கும்போதே வக்கலன்னு நெனக்கிறேன்."

எத்திராஜ் குனிந்து பார்த்தார். தட்டையும் தூக்கி அதற்கடியிலும் பார்த்தார். பிறகு ஷோரூமுக்கு போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். டியூப்லெஸ் டயர், காற்று குறைந்தால் சொல்லும் சென்சார், பஞ்சர் ஒட்டும் கிட்டு, இந்த மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது சார், இடமும் மிச்சம், எடையும் மிச்சம் என்றாள்.

"நாலு சக்கரம்னு சொல்லி வித்தீங்களா, அஞ்சுன்னு சொல்லி வித்தீங்களா?" என்றார் எத்திராஜ்.

"பிரௌச்சர்ல கொடுத்திருக்கோம் சார்."

அவர் போனை வைத்துவிட்டு அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, எண்ணெய் பாட்டிலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆணி குத்தினா இது அடைக்கும். பக்கவாட்டுல கிழிஞ்சா?"

"அடைக்காது சார்," என்றாள் சிம்ரன். இத்தனை வாரத்தில் அத்தனை டயர்களைத் தொட்டுப் பார்த்தவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற புது வண்டிகளை எல்லாம் அவளே கேட்டுத் திறந்து பார்த்தாள். ஏழில் மூன்றில் பாட்டில்தான் இருந்தது. மூன்று பேருக்கும் அதுவரை அது தெரியாது.

ஆறாவது வாரம் அவள் மண்ணூர்பேட்டைக்குக் குழாயோடு திரும்பிப் போனாள். ஷெட்டில் பழைய கார்கள் இல்லை. ஒரே மாதிரி நான்கு எலெக்ட்ரிக் கார்கள், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல், சார்ஜ் வயரோடு நின்றன.

"பத்து நிமிசத்துல மாட்டிக் காட்றேன் சார்," என்றாள்.

இராமகிருஷ்ணன் சிரித்தார். "இதுல மாட்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஸ்டெப்னியே கெடையாது. பஞ்சர்னா பாட்டில். அதுக்கும் மேலன்னா காரு கம்பெனிக்கு போன் போட்டா வண்டிய தூக்கினு போயிடுவான்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. போன் போட எனக்கும் தெரியும். வேல குடுங்க சார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அதுல்லம்மா. தூக்குற வண்டி வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். அவ்ளோ நேரம் ரோட்டுல ஒரு பொண்ணு தனியா..."

"ஸ்டெப்னி இருந்தா மாட்டத் தெரியாதுன்னு வேல இல்ல. ஸ்டெப்னி இல்லன்னா நிக்கத் தெரியாதுன்னு வேல இல்லயா சார்?"

சுவரோரம் நின்ற வினோத் தலையைக் குனிந்துகொண்டான். இராமகிருஷ்ணன் சாவிக் கொத்தை மேசைமேல் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், யாராவது லீவு போட்டால் அந்த வண்டியை ஓட்ட ஆக்டிங் டிரைவராக வந்து போகலாம் என்றார். அரை மனசாகக் கிடைத்தாலும் வேலை வேலைதான் என்று சிம்ரன் ஏற்றுக்கொண்டாள்.

ஆக்டிங் வேலையில் வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். கிடைத்த நாட்களில் அவள் வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தாள். கீழே பேட்டரி இருக்கிற வண்டி என்பதால் ஜாக்கியை எந்த இடத்தில் மட்டும் கொடுக்கலாம் என்று படம் போட்டிருந்ததைப் பார்த்துவைத்துக்கொண்டாள். ஒரு நல்ல ஜாக்கியும் ஸ்பானரும் சொந்தமாக வாங்கி, குழாயோடு சேர்த்து ஒரு கோணிப்பையில் ஷெட்டிலேயே வைத்தாள். இராமகிருஷ்ணனிடம் மூன்று தடவை சொன்னாள்: "நாலு வண்டியும் ஒரே சைஸ் சார். வண்டிக்கு ஒண்ணு வேணாம். நாலு வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி ஷெட்டுல கெடந்தா போதும்."

மூன்று தடவையும் ஒரே பதில்: "செஞ்சவனே வேணாம்னு எடுத்துட்டான். உனுக்கு இன்னா?"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், ஒரு டிரைவர் லீவு போட்டதால் காலை ஐந்தரைக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை என்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஸ்கூட்டியில் வந்து பார்த்தால், இரவில் கரண்ட் போய், அவள் எடுக்க வேண்டிய வண்டியில் சார்ஜே ஏறவில்லை. அதில் வர வேண்டியவர்களை மற்ற வண்டிகளுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். சிம்ரன் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தாள்.

ஆறரை மணிக்கு வினோத் போன் செய்தான். இராமகிருஷ்ணனின் போன் கிடைக்கவில்லையாம். திருமழிசைக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில், தண்ணீருக்கடியில் இருந்த உடைந்த சிமெண்டுத் திட்டில் ஏறி, முன் டயர் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்துவிட்டது.

"பாட்டில் ஊத்துனேன். பால் மாதிரி வழிஞ்சி தண்ணில போவுது. தூக்குற வண்டி வர ஒம்போதர ஆவும்ங்கறான். இங்க நாலு பேரு கீறாங்க."

பின்னாலிருந்த ஒரு பெண் போனை வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் பொன்னம்மாள். "சிம்ரனா? எட்டு பத்துக்கு மேல போனா கேட்டுல உள்ள உட மாட்டான்மா. இந்தத் தண்ணில ஆட்டோவும் வர்ல. பஸ் நிக்கிற எடம் தண்ணிக்கு அந்தாண்ட கீது."

"இருங்கக்கா," என்றாள் சிம்ரன்.

இராமகிருஷ்ணனுக்கு அவளும் போட்டாள். இரண்டாவது தடவை எடுத்தார். சார்ஜ் இல்லாத வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோகிறேன் என்றாள்.

"கழட்டாத. வாரண்டி பூடும். சும்மா இரு, தூக்குற வண்டிக்காரன் பாத்துப்பான்."

"எட்டு பத்துக்குள்ள பாத்துப்பானா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் லைன் போயிற்று. மழையா, அவரே வைத்துவிட்டாரா, தெரியவில்லை. சிம்ரன் நின்ற வண்டியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான். இந்த வேலை போய்விடும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கோணிப்பையை அவிழ்த்தாள்.

ஷெட்டின் பெரிய ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அந்த ஜாக்கியை அப்படியே வண்டிக்கடியில் விட்டாள். சக்கரத்தைத் ஸ்கூட்டியின் பின் சீட்டில் படுக்கவைத்து, சைக்கிள் டியூபால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். ஜாக்கி, ஸ்பானர், குழாய் எல்லாம் காலடியில். எஸ்டேட்டைத் தாண்டி, அயனம்பாக்கம், திருவேற்காடு வழியாகப் போனாள். பின்னால் பாரம் இழுத்ததால் ஹேண்டில் லேசாக ஆடியது. வேகத்தடைகளில் கால் ஊன்றி ஊன்றி ஏறினாள். பூந்தமல்லியில் முழங்கால் தண்ணீர். அங்கே இறங்கித் தள்ளினாள். கடைக்காரர் ஒருவர், "இன்னாம்மா, சக்கரத்த தூக்கினு எங்க போற?" என்று கேட்டதற்கு, "வேலைக்கி," என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பது. வினோத் காரைக் கொஞ்சம் மேடான இடத்துக்கு உருட்டி வைத்திருந்தான். பெண்கள் மூன்று பேர் உள்ளே. பொன்னம்மாள் குடையோடு வெளியே நின்றாள். சிம்ரன் கட்டை அவிழ்த்துச் சக்கரத்தை இறக்கினாள். வினோத் ஸ்பானரை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. குழாயைச் செருகி நட்டுகளைத் தளர்த்தினாள். அத்தனை பேரும் இறங்கி நனைந்தபடி ஓரமாக நின்றார்கள். புத்தகத்தில் பார்த்த இடத்தில் கையால் தடவிப் பார்த்து ஜாக்கியைக் கொடுத்தாள். பொன்னம்மாள் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தாள். கிழிந்த சக்கரம் வந்தது, நல்ல சக்கரம் போயிற்று. கடைசி நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஏழு ஐம்பது.

"கெளம்புங்கண்ணா. மெதுவா போங்க," என்றாள் வினோத்திடம். அவன் வண்டியில் ஏறினான். எட்டு நாலுக்கு உள்ளே போய்விட்டோம் என்று பொன்னம்மாளிடமிருந்து செய்தி வந்தபோது, சிம்ரன் கிழிந்த சக்கரத்தை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஷெட்டில் இராமகிருஷ்ணன் காத்திருந்தார். மூன்று சக்கரத்தோடு நின்ற காரைக் காட்டினார்.

"வேணாம்னு சொன்னனா இல்லயா?"

"சொன்னீங்க சார்."

"சொல்பேச்சு கேக்காதவங்களுக்கு எங்கிட்ட வேல இல்ல. நாளைலேர்ந்து வராத."

சிம்ரன் ஸ்கூட்டியில் சுற்றியிருந்த டியூபை அவிழ்த்தாள். கிழிந்த டயரை அவர் எதிரே சாய்த்து வைத்தாள். ஒரு சாண் நீளக் கிழிசல் அவர் பக்கமாக இருந்தது. கோணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை எழுந்து, அம்பத்தூரில் இருக்கிற மற்ற டிராவல்ஸ் ஆபீஸ்களின் பட்டியலை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். ஐந்தாவது இடத்தில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

இதற்கிடையில் திருமழிசைக் கம்பெனியில் மாதாமாதம் நடக்கும் கூட்டத்தில் பொன்னம்மாள் எழுந்து நின்றிருக்கிறாள். எங்களை ஏற்றிவருகிற வண்டி வழியில் நின்றால் இனிமேல் யார் சக்கரம் கொண்டுவருவார்கள் என்று கேட்டிருக்கிறாள். கொண்டுவந்தவளை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறாள். அவளை வேலைக்கு வைக்கச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்றது கம்பெனி. ஆனால் ஸ்டெப்னிக்கு என்ன ஏற்பாடு என்று டிராவல்ஸிடம் எழுத்தில் கேட்டது. நாங்களும் அதையேதான் கேட்கிறோம் என்று மற்ற டிரைவர்களின் சார்பில் வினோத் இராமகிருஷ்ணனிடம் சொன்னான். அவன் அவரிடம் எதையும் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பத்தாவது நாள் இராமகிருஷ்ணன் போன் செய்தார்.

"இன்னாம்மா, எப்டி கீற? கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். ஆக்டிங்கு நாளைக்கி ஆள் வோணும்."

"ஆக்டிங்கு வர மாட்டேன் சார்."

"பின்ன?"

"ஒரு ரூட்டு எனக்குன்னு குடுங்க. அப்பறம் ஷெட்டுல ஒரு சக்கரம் வாங்கிப் போடுங்க. ரிம்மோட. அது வந்த அன்னிக்கி நான் வர்றேன்."

"எனுக்கே கண்டிசனா?"

"கம்பெனியும் அதத்தான கேட்டுகீதாம், பொன்னம்மாக்கா சொன்னாங்க சார்."

பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். கெங்கம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ரொம்ப இழுத்துட்டியோ?" என்றாள்.

"இழுக்கலம்மா. அவுரு வாங்குவாரு," என்றாள் சிம்ரன். சொன்னாளே தவிர, அந்த நான்கு நாளும் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் வினோத் ஒரு போட்டோ அனுப்பினான். ஷெட்டுச் சுவரில் சாய்ந்தபடி ஒரு புதுச் சக்கரம். டயரின் நடுவில் மஞ்சள் கோடுகள் இன்னும் அழியவில்லை. போட்டோவுக்குக் கீழே அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "நாளைக்கி அஞ்சரைக்கி. பருத்திப்பட்டு ரூட்டு உனக்கு."

முதல் நாள் பொன்னம்மாள் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, பின்னால் இருந்த மூன்று பேருக்கும் சிம்ரனைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். மழை விட்டிருந்தது. ஏரியைத் தாண்டும்போது அந்த மூவரில் ஒருத்தி, கார் ஓட்டப் படிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள்.

"ஓட்றதுக்கா, வேல வாங்குறதுக்கா?" என்றாள் சிம்ரன், கண்ணாடியில் பார்த்தபடி. கேட்டவள் விடாமல், இரண்டுக்கும் சொல்லுங்கள் என்றாள். திருமழிசை போய்ச் சேரும்வரை சிம்ரன் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.